வந்தான், வந்தார், வந்தவர்: ஒரு நாவலைத் திருத்தி எழுதிய அனுபவம்

நாவலின் முதல் வரைவை வாசித்த நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, "அவன் அவன் எண்டு எழுதாமல் நான் எண்டு எழுதிப் பாரும்" என்றது. மற்றக் கட்சி, "இறந்தகாலத்தை விடும். நிகழ்காலத்தில எழுதினால் கண்ணுக்கு முன்னால நடக்கிற மாதிரி இருக்கும்" என்றது. இரண்டையும் செய்து பார்த்தேன். எழுதி முடித்த கதையில் ஆளையும் காலத்தையும் மாற்றுவது, கட்டி முடித்த வீட்டின் வாசலை வேறு திசைக்குத் திருப்புகிற வேலை. சுவர் இடிக்காமல் முடியாது. எதை இடித்தேன், எதைப் பார்த்து முடிவெடுத்தேன் என்பது இதே இடத்தில் நிற்கிற இன்னொருவருக்கு உதவக்கூடும் என்று எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கான அறிவுரைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் பாதிதான் பொருந்தும். அங்கே வினைச்சொல் பெரும்பாலும் காலத்தைச் சொல்வதோடு நின்றுவிடும். நமது வினைமுற்று காலத்தோடு சேர்த்து ஆளையும், ஆணா பெண்ணா என்பதையும், ஒருவரா பலரா என்பதையும், மரியாதையையும் சொல்லிவிடுகிறது. 'வந்தார்' என்று எழுதும்போதே, சொல்கிறவர் அந்த ஆளுக்கு மேலே நிற்கிறாரா கீழே நிற்கிறாரா என்பது பாதி வெளியே வந்துவிடும். ஆகவே தமிழில் நோக்குநிலையும் காலமும் தனித்தனிக் கேள்விகள் இல்லை. இரண்டும் வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றன.

நாவலைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டில். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி 1990 வரை போகிறது. யாழ்ப்பாணச் சுருட்டு ரயிலேறித் தென்னிலங்கைக் கடைகளுக்குப் போன காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கொட்டில்களை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: வரிசையாக நிலத்தில் இருந்து சுருட்டுச் சுற்றுவார்கள். கைக்கு வேலை இருக்கும், காதுக்கு இருக்காது. அதனால் யாராவது ஒருவர் பேப்பரையோ தொடர்கதையையோ சத்தமாக வாசிப்பார். வேலை செய்துகொண்டே எல்லோரும் கேட்பார்கள், இடைக்கிடை வாசிப்பை நிறுத்திவிட்டு அரசியல் கதைப்பார்கள். என் கதையின் நாயகன் அப்படி வாசிக்க வந்த 12 வயதுப் பையன்.

முதல் வரைவு படர்க்கையில், இறந்தகாலத்தில், எல்லாம் அறிந்த கதைசொல்லியோடு இருந்தது. அவர் பையனின் மனதுக்குள் போவார், முதலாளியின் மனதுக்குள் போவார், தேவைப்பட்டால் இலை நனைக்கிற தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் சுருட்டுச் சுற்றியவர். கண் மங்கிவிட்டது, ஆனால் காதால் கதை கேட்கப் பழகிய மனிதர். பின்னேரங்களில் அவருக்கு அத்தியாயங்களை வாசித்துக் காட்டினேன். தொழில் விவரங்களில் பிழை பிடிப்பார் என்றுதான் போனேன். அவர் கேட்டது வேறு.

"தம்பி, கதை நல்லாத்தான் போகுது. உதைச் சொல்லுறவர் ஆர்? அவர் கொட்டிலுக்க இருக்கிறாரோ, றோட்டில நிக்கிறாரோ?"

"அவர் எல்லா இடத்திலயும் இருக்கிறார் ஐயா. கடவுள் மாதிரி."

"கடவுள் எங்கட கொட்டிலுக்கு வந்ததில்லை."

அதற்குப் பிறகு 'நானா அவனா' என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு அவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டேன். யார் சொல்கிறார், எங்கே இருந்து சொல்கிறார், நடந்து எத்தனை வருடத்துக்குப் பிறகு சொல்கிறார்? நாவலுக்குள் வராத ஒரு அரைப் பக்கத்தில் இதற்கு விடை எழுதினேன். சொல்கிறவன் அந்தப் பையன்தான். இப்போது அவனுக்கு 48 வயது. 2014 ஒக்டோபரில், 24 வருடங்களுக்குப் பிறகு ரயில் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்த கிழமை, யாழ்ப்பாண நிலையத்து மேடையில் நின்று நினைத்துப் பார்க்கிறான். ரயிலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: 1990 ஜூனில் ரயில் நின்றபோதுதான் கதையில் வரும் கொட்டிலுக்கும் மூச்சு நின்றது.

அந்த அரைப் பக்கம் பாதி வேலையை முடித்துவிட்டது. 36 வருடத் தொலைவில் நின்று ஒருவன் கதை சொன்னால் அதன் இயல்பான காலம் இறந்தகாலம். அவனே சொல்வதால் தன்மை. ஆனாலும் காகிதத்தில் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று, சில பக்கங்களை எல்லா வழியிலும் எழுதினேன்.

எந்தப் பக்கங்களில் சோதிப்பது என்பது முக்கியம். பெரும்பாலானோர் முதல் அத்தியாயத்தை எடுப்பார்கள். வேண்டாம். அதைத்தான் நாம் அதிகம் மெருகேற்றி இருப்போம். எந்தக் குரலில் எழுதினாலும் நன்றாகத்தான் ஒலிக்கும். நான் நடுவிலிருந்து இரண்டு காட்சிகளை எடுத்தேன். ஒன்று ஆட்கள் நிறைந்த காட்சி. மற்றது, நடப்பது என்னவென்று நாயகனுக்கு விளங்காத காட்சி. இரண்டாவது இப்படி வந்தது.

படர்க்கை, இறந்தகாலம்: "முதலாளி வாசலில் நின்றார். பையன் பேப்பரை மடித்தான். எல்லோரும் ஏன் கையை நிறுத்தினார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை."

தன்மை, நிகழ்காலம்: "முதலாளி வாசலில் நிற்கிறார். நான் பேப்பரை மடிக்கிறேன். எல்லோரும் கையை நிறுத்துகிறார்கள். ஏனென்று எனக்கு விளங்கவில்லை."

தன்மை, இறந்தகாலம்: "முதலாளி வாசலில் நின்றார். நான் பேப்பரை மடித்தேன். எல்லோருடைய கையும் நின்றது. கூலியைக் குறைக்கப் போகிறார் என்று அவர்களுக்கு முதல் நாளே தெரியும். எனக்குத் தெரியாது. அடுத்த செய்தியை வாசிக்கட்டுமா என்று அவரிடமே கேட்டேன்."

மூன்றாவது நீண்டுவிட்டதைப் பாருங்கள். அந்தக் கடைசி வரி முதல் வரைவில் இல்லை. நானாக யோசித்துச் சேர்க்கவுமில்லை. 48 வயதுக்காரன் பேசத் தொடங்கியதும் அவனே கொண்டுவந்தான். எனக்கு இதுதான் அளவுகோல்: எந்தக் குரல் நான் நினைத்திராத வாக்கியத்தைத் தருகிறதோ அதைப் பின்தொடர்வது. வாக்கியத்தின் வால் மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் அந்த மாற்றத்தால் பயனில்லை, பழையதையே வைத்துக்கொள்ளலாம்.

முன்னிலையிலும் ஒரு பக்கம் எழுதினேன். "நீ பேப்பரை மடிக்கிறாய்." யாரோ என்னைப் பொலிஸில் விசாரிப்பது போல இருந்தது. விட்டுவிட்டேன்.

சரி, இனி மரியாதை. இந்தத் திருத்தத்தில் எனக்கு அதிகம் வேலை வைத்தது இதுதான்.

எல்லாம் அறிந்த கதைசொல்லி எழுதிய முதல் வரைவை ஒரு சிவப்புப் பேனையோடு இருந்து வாசித்து, ஒவ்வொரு ஆளுக்கும் என்ன விகுதி வருகிறது என்று கோடு போட்டேன். முதலாளி 'வந்தார்'. முதலாளியின் மகன், 20 வயது, அவனும் 'வந்தார்'. சுருட்டுச் சுற்றும் கிழவர், முதலாளியை விட வயதில் மூத்தவர், 'வந்தான்'. தலைப்பாகையோடு இலை கொண்டுவருகிற தோட்டக்காரர் ஓர் இடத்தில் 'வந்தார்', இன்னோர் இடத்தில் 'வந்தான்'. யாரும் திட்டமிட்டு எழுதியதில்லை இது. ஆனால் விகுதிகளை மட்டும் சேர்த்துப் பார்த்தால் கதைசொல்லி எங்கே இருக்கிறார் என்று தெளிவாகத் தெரிந்தது: முதலாளி வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில். யாழ்ப்பாணத்தில் யாரை 'அவர்' என்பது, யாரை 'அவன்' என்பது, யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதெல்லாம் வயதோடு முடிகிற கணக்கா என்ன? சாதி, காசு, காணி, உத்தியோகம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நடுநிலையான கதைசொல்லி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஆளின் நாக்கிலும் அது இருக்கும். யாருடைய கையெழுத்துப் பிரதி கிடைத்தாலும் இப்போது நான் முதலில் இந்தக் கோடு போடும் வேலையைத்தான் செய்கிறேன்.

பையன் சொல்லத் தொடங்கியதும் இது தானாகவே நேராகியது. 12 வயதுப் பையனுக்குக் கொட்டிலில் இருந்த எல்லோரும் பெரியவர்கள். முதலாளியும் 'அவர்', கிழவரும் 'அவர்', இலை கட்டுபவரும் 'அவர்'. முதலாளியின் வாயில் மட்டும் கிழவர் 'டேய்' ஆகிறார். கதைசொல்லியின் 'வந்தார்' என்ற வாக்கியத்துக்கு அடுத்த வரியில் முதலாளியின் "எங்கயடா போனனீ?" வரும்போது, இதைக் கண்டித்து ஒரு வரியும் எழுதத் தேவையில்லாமல் போனது. முதல் வரைவில் இந்த அநியாயத்தை விளக்கி நீளமாக எழுதிய பந்திகள் பல இருந்தன. எல்லாவற்றையும் வெட்டினேன்.

ஆனால் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. ஒரு காட்சியில் எட்டுப் பேர் 'அவர்' என்றால் எந்த 'அவர்' என்ன செய்தார் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? 'அவன்', 'அவர்' என்று இரண்டு விதமாக இருந்தபோது பெயர் சொல்லாமலே ஓரளவு பிரித்துக் காட்ட முடிந்தது. இப்போது முடியாது. பையன் அவர்களைக் கூப்பிட்ட விதத்தையே பெயராக்கினேன்: கண்ணாடியர், இருமல்காரர், இலங்கைநேசன், மூலை அண்ணை. பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊர் சளைத்ததில்லை, எனவே இது சுலபமாக வந்தது.

அம்மாவின் விகுதிதான் கடைசி வரை முடியவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை "அம்மா சொன்னா" என்றுதான் சொல்வான். 'சொன்னாள்' என்று சொல்ல மாட்டான். 'சொன்னார்' என்பது எழுத்து. படர்க்கையில் எழுதும்போது 'அம்மா சொன்னாள்' என்று போடலாம், அங்கே பேசுவது மகன் இல்லை. தன்மையில் அது காதில் இடறுகிறது. 'சொன்னா' என்று கதையோட்டத்திலும் போட்டுப் பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் வாசித்துவிட்டு, "அம்மா சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார். அவருக்கு அது 'சொன்னால்' என்று விழுந்திருக்கிறது. உரையாடலில் 'சொன்னா', கதையோட்டத்தில் 'சொன்னார்' என்று ஓர் ஒழுங்குக்கு வந்தேன்.

காலத்துக்கு வருவோம். நிகழ்காலக் கட்சி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓர் அத்தியாயம் முழுவதையும் நிகழ்காலத்தில் எழுதி, என் வழக்கப்படி சத்தமாக வாசித்தேன். முதல் பக்கத்தில் விறுவிறுப்பாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் காது அலுத்துவிட்டது. காரணத்தை இலக்கணத்தில் கண்டேன். நமது வாக்கியம் வினையில் முடிகிறது. இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று பல இடைநிலைகள்: வந்தான், கண்டான், சென்றான், ஓடினான். ஒவ்வொரு வாக்கியமும் வேறு ஓசையில் முடியும். நிகழ்காலத்துக்கு இன்று புழக்கத்தில் இருப்பவை கிறு, கின்று என்ற இரண்டுதான். வருகிறான், காண்கிறான், செல்கிறான், ஓடுகிறான். ஒரு பக்கத்தில் 20 வாக்கியம் என்றால் 20 தடவை 'கிறான்'. அதை மறைக்க 'கொண்டிருக்கிறான்' என்று நீட்டினால் இன்னும் மோசம். நிகழ்காலத்தில் நன்றாக எழுதுகிறவர்கள் பெயர்ப் பயனிலைகளையும் வினையில்லாத துண்டு வாக்கியங்களையும் கலந்து இதைத் தாண்டுகிறார்கள். "வாசலில் முதலாளி. கையில் கணக்குக் கொப்பி." சில பக்கங்களுக்கு அது அழகு. ஒரு நாவல் முழுக்க என் கைக்கு வராது என்று எனக்குத் தெரிந்தது.

ஓசையை விடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. இது வேலைத்தளத்துக் கதை. தினமும் நடப்பதும் ஒரு நாள் மட்டும் நடந்ததும் அதில் மாறி மாறி வரும். இறந்தகாலத்தில் கதை சொல்லும்போது தமிழில் இதற்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. வழக்கமாக நடந்ததை எதிர்கால வினையால் சொல்கிறோம். "காலையில் இலையை நனைப்பார்கள். நடுநரம்பைக் கிழித்து எடுப்பார்கள். ஒன்பது மணிக்குத் தேத்தண்ணி வரும்." பிறகு, "அன்று தேத்தண்ணி வரவில்லை." இந்த 'வரும்' என்பதிலிருந்து 'வரவில்லை' என்பதற்குத் தாவும் இடத்தில்தான் கதை தொடங்குகிறது. நிகழ்காலத்தில் எழுதினால் "இலையை நனைக்கிறார்கள்" என்பது தினமுமா, இன்றைக்கா? இரண்டுக்கும் ஒரே வினைதான். 'இன்று', 'வழக்கம்போல' என்று சொற்களைச் செருகிக்கொண்டே இருக்கவேண்டி வந்தது. அங்கேதான் நிகழ்காலத்தைக் கைவிட்டேன்.

அந்த வசதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 'வார்கள்', 'வார்' என்று எழுதத் தொடங்கினால் ஏக்கம் ஊறி ஊறி, நிறுத்த மனம் வராது. அந்தக் காலத்தில் மாம்பழம் அப்படி இருக்கும், கோயில் திருவிழா இப்படி நடக்கும் என்று பக்கக் கணக்கில் போய்விடலாம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் வழக்கத்தைச் சொல்லும் 'வார்' வினைகளைப் பச்சையிலும், ஒரு நாள் நடந்ததைச் சொல்லும் 'ஆர்' வினைகளை நீலத்திலும் அடிக்கோடிட்டேன். முதல் நீலம் வருவதற்குள் ஒரு பக்கத்துக்கு மேல் பச்சை ஓடியிருந்தால் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம். பச்சையில் மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன். ஊரை விட்டுப் போனவர்கள் எழுதும் கதைகளில் இந்தப் பச்சை சற்றுக் கூடுதல் என்பது என் அபிப்பிராயம். ஊரிலேயே இருந்து எழுதுகிறவர்களுக்கும் அந்த வருத்தம் உண்டு என்பதற்கு என் பிரதியே சாட்சி.

நிகழ்காலத்தை முழுக்க விடவில்லை. 2014 ரயில் மேடைத் துண்டுகள் நிகழ்காலத்தில் இருக்கின்றன, அவன் அங்கே இப்போது நிற்பதால். அதைத் தவிர, பழைய காட்சிகளிலும் சூடு ஏறும் இடங்களில் சில வரிகள் நிகழ்காலத்துக்குத் தாவி மீள்கின்றன. சந்தியில் நின்று கதை சொல்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள்: "நேற்று நான் கடைக்குப் போனன். போய்ப் பார்த்தால் அவன் அங்க நிக்கிறான். என்னைக் கண்டதும் ஓடுறான்." இறந்தகாலத்தில் தொடங்கி, 'பார்த்தால்' என்ற இடத்தில் நிகழ்காலத்துக்குள் நுழைந்துவிடுகிறார். யாருக்கும் குழப்பமில்லை. நன்னூலும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் காலம் பிறழ்ந்து வரலாம் என்று இடம் கொடுக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் பாயில் இருந்தபடியே "இந்தா வந்திட்டன்" என்கிறோமே, அது விரைவு. அந்த நாலு காரணத்தை மேசைக்கு முன்னால் எழுதி ஒட்டினேன். காலம் மாறுகிற ஒவ்வோர் இடத்திலும், எந்தக் காரணம் என்று கேட்டேன். விடை கிடைக்காத இடங்கள் வெறும் கவனக்குறைவு. திருத்தினேன்.

நம்முடைய யாழ்ப்பாணப் பேச்சில், 'வந்தேன்', 'வந்தார்' என்பதற்குப் பதிலாக வரும் இன்னொரு இறந்தகாலம் இருக்கிறது: நான் வந்தனான், போனனான், அவர் வந்தவர், அவ சொன்னவ. அதைக் கதையோட்டத்துக்கே பயன்படுத்தினால் என்ன என்ற ஆசை வந்தது. ஓர் அத்தியாயம் எழுதினேன். வாக்குமூலம் போல ஒலித்தது. கேட்கும் ஒருவருக்குப் பதில் சொல்வது போல. முழு நாவலுக்கு அது ஆகாது. ஆனால் சோதனைச்சாவடியில் பையனை மறித்து விசாரிக்கும் அத்தியாயத்துக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. அங்கே மட்டும் வைத்துக்கொண்டேன்.

தன்மைக்கு மாறியபோது இழந்தவற்றில் பெரியது 1981 அத்தியாயம். ஜூன் முதல் நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை முதல் வரைவில் நேரே நின்று பார்ப்பது போல எழுதியிருந்தேன். சுவாலை, அலுமாரிகள், ஓலைச்சுவடிகள் கருகும் மணம் எல்லாம் இருந்தன. வாசித்தவர்கள் பாராட்டிய அத்தியாயம் அது. ஆனால் பையன் அந்த இரவில் கொக்குவிலில், வீட்டில், பாயில். அவன் எதைக் கண்டான்? எதையும் காணவில்லை. அவனை எப்படியாவது சைக்கிளில் ஏற்றி அங்கே கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். அந்த இரவில் எந்தத் தாய் 15 வயதுப் பிள்ளையை வெளியே விடுவாள்?

ஆகவே காட்சி மறுநாள் காலைக்கு, கொட்டிலுக்கு மாறியது. ஈழநாடு பத்திரிகையின் காரியாலயமும் அப்போதுதான் எரிக்கப்பட்டது. வாசிக்கிற பையனின் கையில் அன்றைக்குப் பேப்பர் இல்லை. எல்லோரும் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். இருமல்காரர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து சொல்கிறார்: "லைப்ரரியை எரிச்சுப் போட்டாங்களாம். ஈழநாடும் எரிஞ்சு போச்சாம். கடைத்தெருவும் எரியுதாம்." அந்த 'ஆம்' மூன்று தரம் வருகிறது. கண்ணால் காணாதவன் காதால் கேட்டதைச் சொல்வதற்குத் தமிழ் தருகிற ஒரே ஒரு எழுத்துக் கூட்டு. தன்மையில் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. "நான் அங்கே இல்லை, ஆனால் பிறகு அறிந்தேன்" என்று நீட்டி முழக்கவேண்டிய இடங்களில் ஒரு 'ஆம்' போதும்.

அதே அத்தியாயத்தில் காலத்தேர்வின் பலனையும் கண்டேன். எரிந்த நூல்கள் 97,000 என்று சொல்லப்படுவது இன்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலையில் கொட்டிலில் யாருக்குத் தெரியும்? நிகழ்காலத்தில் எழுதியிருந்தால் அந்த எண்ணை உள்ளே விட முடியாது. 2014இல் நிற்கிறவன் சொல்வதால், "97,000 என்பதைப் பிறகு வாசித்தேன். அன்றைக்கு நான் நினைத்தது, திருப்பிக் கொடுக்காமல் வீட்டில் வைத்திருந்த ஒரு புத்தகத்தை" என்று எழுத முடிந்தது. சொல்கிறவனுக்குத் தெரிந்தது, அன்றைய பையனுக்குத் தெரிந்தது: இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் தன்மை, இறந்தகாலம் என்ற சேர்க்கை உயிர் வாழ்கிறது.

இதற்காக ஒரு சாதாரண கொப்பியில் அத்தியாயம் அத்தியாயமாகக் கட்டம் போட்டேன். எந்த ஆண்டு, எந்த மாதம், அவனுக்கு என்ன வயது, அவன் கண்டது, கேட்டது, பிறகு அறிந்தது. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956இல். அவன் பிறந்தது 1966. ஆகவே அந்த முதல் ஓட்டத்தைப் பற்றிய பந்தி 'அப்பா சொல்ல' என்று மாற வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டு போனால் பிரதியில் எத்தனை வாக்கியம் பழைய கடவுளின் வாக்கியம் என்று தெரிந்துவிடும்.

திருத்தும்போது கைவசம் இருக்க வேண்டிய சின்னச் சின்னச் சோதனைகள் சில உண்டு. வா, போ. "முதலாளி உள்ளே வந்தார்" என்றால் சொல்கிறவர் உள்ளே. அடுத்த வரியில் "கிழவர் வெளியே வந்தார்" என்றால் சொல்கிறவர் வெளியே. ஒரு பந்திக்குள் இவர் எத்தனை தரம் வாசலைத் தாண்டுகிறார்? அதேபோல தா, கொடு. தரவும் வரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடையும் செலவும் (போவதும்) படர்க்கைக்கும் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. "அவனுக்குக் கொடுத்தார்" என்பது தன்மையில் "எனக்குத் தந்தார்" ஆக வேண்டும். இன்னொன்று, நாயகனின் தோற்றம். படர்க்கையில் அவன் கண், தலைமயிர், சட்டை எல்லாம் வர்ணித்திருந்தேன். தன்மையில் எந்தப் பையன் தன் கண்ணை வர்ணிப்பான்? 'பயந்தான்', 'கவலைப்பட்டான்' என்ற சொற்களும் அப்படியே. "நான் பயந்தேன்" என்று அவன் சொல்ல மாட்டான், பேப்பரில் ஒரே வரியை இரண்டு தரம் வாசித்ததைச் சொல்வான்.

இதையெல்லாம் கணினியில் 'அவன்' என்பதைத் தேடி 'நான்' என்று மாற்றிச் செய்ய முடியாது. ஒவ்வொரு வினையின் வாலும் மாறும், 'தன்' எல்லாம் 'என்' ஆகும், வாக்கியத்தின் நடையே மாறும். அச்செடுத்த பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டச்சு செய்வதுதான் வழி. சலிப்பான வேலை. ஆனால் சலிப்பில் ஒரு நன்மை இருக்கிறது: திரும்பத் தட்ட மனம் வராத பந்தி, அநேகமாகத் தேவையில்லாத பந்தி.

ஒரே ஓர் அத்தியாயம் இந்த ஒழுங்குக்குள் வரவில்லை. அம்மா கடன் கேட்டு முதலாளி வீட்டுக்குப் போன இரவு. மகன் அங்கே இல்லை. அம்மா பிறகு முழுதாகச் சொன்னதும் இல்லை. வெட்டினால் நாவல் சரிகிறது. 'ஆம்' போட்டு எழுதினால் ஒரு பக்கத்துக்கு மேல் தாங்காது. கடைசியில், "நான் பார்க்கவில்லை. அம்மா விட்ட இடங்களை நான்தான் நிரப்புகிறேன்" என்று அவனே சொல்லிவிட்டுத் தொடங்குகிறான். அம்மா குளித்துவிட்டு நல்ல சீலை உடுத்தார், லாம்பை எடுத்தார், ஒழுங்கையில் இறங்கினார். முதலாளி வீட்டுப் படலையைத் திறக்கும் இடத்தில் விகுதி மாறுகிறது: அவள் உள்ளே போனாள். அன்றைக்கு அம்மாவுக்கு 34 வயது. சொல்கிறவனுக்கு இப்போது 48.

பிரதியைப் பார்த்த ரீச்சர் ஒருவருக்கு இது பிடிக்கவேயில்லை. "எந்தப் பிள்ளை தாயை அவள் எண்டு எழுதும்? அச்சுக்குப் போக முதல் மாத்தும் தம்பி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒழுங்கைப் பெரியவருக்கும் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவர் விகுதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முதலாளி எவ்வளவு காசு கொடுத்தார் என்று கேட்டார். அது பிரதியில் இல்லை. இப்போது சேர்த்திருக்கிறேன். 'அவள்' அப்படியே இருக்கிறது, படலைக்கு முன்னால் ஒரு வரி இடைவெளி மட்டும் விட்டிருக்கிறேன்.